ரெண்டாவது தடவை போட்டா பத்திக்கும்

இந்தத் தலைப்பில் இருக்கிற வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இதைக் கேட்கலாம். அடுப்பைத் திருப்புவார்கள், பற்றாது. "விடுங்க, ரெண்டாவது தடவை போட்டா பத்திக்கும்" என்பார்கள். பற்றியும் விடும். அதுதான் பிரச்சினையே. இன்றைய பதிவு முழுக்க இந்த வாக்கியத்தை எதிர்த்துத்தான். எழுதுகிறவனே இதில் முதல் குற்றவாளி என்பதையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என்னைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் வேலை. அதில் பெரும்பகுதி பாய்லர் பக்கம். ரிட்டயர் ஆனபின் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாகை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் போய் ஐந்தாறு மாதம் இருந்துவிட்டு வருவோம். இது போன தடவை அங்கே நடந்தது.

அமெரிக்காவில் நம்மவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே அடுப்புக்குக் கீழேயே பெரிய ஓவன் ஒன்று இருக்கும். மேலே நாலைந்து பர்னர், கீழே கதவு வைத்த ஓவன், அதற்கும் கீழே ஒரு டிராயர், எல்லாம் ஒரே பெட்டி. வெள்ளைக்காரர்கள் அதில் ரொட்டியும் கோழியும் வேகவைப்பார்கள். நம் பெண்கள் அதில் தோசைக்கல், வாணலி, இட்லிப் பானை எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பார்கள். என் மகள் வீட்டிலும் அப்படித்தான். எட்டு வருஷமாக அது ஓர் அலமாரி. பதினொரு வயசுப் பேத்திக்கு கேக் செய்யும் பைத்தியம் பிடித்த பிறகுதான் பாத்திரங்களுக்கு வேறு இடம் பார்த்தார்கள்.

நாங்கள் போன முதல் வாரத்திலேயே கவனித்தேன். ஓவன் சில நாள் ஒழுங்காகப் பற்றும். சில நாள் இரண்டு மூன்று நிமிஷம் ஆகியும் சூடே ஏறாது, லேசாக கேஸ் வாசனை வரும். பேத்தி அணைத்துவிட்டு உடனே மறுபடி போடுவாள். அப்போது பற்றிக்கொள்ளும். "இது எப்பவுமே இப்படித்தான் தாத்தா. ரெண்டாவது தடவை போட்டா பத்திக்கும்." நானும் தலையை ஆட்டினேன். அடுத்த வாரம் என் மனைவிக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்தேன். "அணைச்சிட்டு திரும்பப் போடு. பத்திக்கும்."

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மகளும் மாப்பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள். பேத்தி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஓவனைப் போட்டாள், பற்றவில்லை. அணைத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே மறுபடி போட்டாள். ஏன் இன்னும் சூடு ஏறவில்லை என்று குனிந்து கதவைத் திறந்தாள். உள்ளே "புஸ்" என்று பெரிதாகச் சத்தம், நீல நிறத்தில் ஒரு வீச்சு. கண் இமைக்கும் நேரம்தான். நெற்றி மயிரும் ஒரு புருவமும் பொசுங்கின. முன்கையில் ரோமம் கருகிச் சுருண்டது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். அவள் பக்கத்தில், அந்தக் கதவின் உயரத்துக்கு, முகத்தை நீட்டிக்கொண்டு பேத்தி நின்றிருந்தாள். இரண்டடி தள்ளி.

மனைவி கத்தவில்லை. குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ராத்திரி படுக்கும்போதுதான் கேட்டாள். "இத்தனை வருஷம் பாய்லர்லதானே வேலை பார்த்தீங்க?" அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதை விளக்க வேண்டும். 210 மெகாவாட் யூனிட்டின் பாய்லரில் ஏதோ காரணத்தால் தீ அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே மறுபடி பற்றவைக்க முடியாது. விடவும் மாட்டார்கள். எரிபொருள் வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு, காற்றாடிகளை மட்டும் ஓடவிட்டு, ஐந்து நிமிஷம் உலைக்குள் இருக்கிற எரியாத மிச்சம் மீதியை எல்லாம் புகைபோக்கி வழியே வெளியே தள்ள வேண்டும். இதற்கு "பர்ஜ்" என்று பெயர். அந்த ஐந்து நிமிஷம் முழுசாக ஓடி, பேனலில் விளக்கு எரிந்த பிறகுதான் பற்றவைக்கவே முடியும். அதற்கு முன்னால் பொத்தானை அழுத்தினாலும் சுற்று வேலை செய்யாது. உள்ளே எரியாத எரிபொருள் தங்கியிருக்கும்போது பொறி காட்டினால் உலையே வெடிக்கும்.

210 மெகாவாட்டில் ஐந்து நிமிஷம் என்றால் கணக்குக்கு 17,500 யூனிட் மின்சாரம். அதனால் அவசரப்படுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். "சார், ரெண்டு நிமிஷம் போதாதா?" என்று கேட்டவர்களிடம் எத்தனையோ நைட் ஷிஃப்டில் "போதாது" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாயால்தான் என் மனைவியிடம், அணைச்சிட்டு உடனே திரும்பப் போடு, பத்திக்கும் என்றேன். 210 மெகாவாட்டுக்கு ஒரு விதி, நாலடிப் பெட்டிக்கு இன்னொரு விதியா? கேஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மறுநாள் மாப்பிள்ளை ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். வந்து பார்ப்பதற்கு மட்டும் 120 டாலர். வந்தவர் ஓவனைப் போட்டுவிட்டு கதவை ஓர் இஞ்சு திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு தகதகவென்று ஒளிர்ந்தது. "இக்னைட்டர் நல்லா இருக்கு. கண்ட்ரோல் போர்டாக இருக்கும், இல்லையென்றால் கேஸ் வால்வாக இருக்கும். ரெண்டையும் மாத்தற காசுக்குப் புதுசே வாங்கிடலாம். இது பழசு" என்றார். கையில் எந்த மீட்டரும் எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே 1,400 டாலரில் புதிய அடுப்பு ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை, ரெண்டு நாள் பொறுங்க. நான் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கேஸ் விஷயம்" என்றார். மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "அப்பா, பேசாம உக்காருங்கப்பா."

அறுபது தாண்டிய எல்லார் காதிலும் விழுகிற வாக்கியம் இது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை. மூன்று வாரம் பேசாமல் உட்கார்ந்ததன் பலனைத்தானே சனிக்கிழமை பார்த்தோம்! ஆனால் அந்தப் பெட்டியின் கோளாறு என்னவென்று தெரியாமலே அதைத் தெருவில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. காசுக்காக மட்டும் அல்ல. காரணம் தெரியாமல் மாற்றினால், புதுசு இதே தப்பைச் செய்யும்போதும் நமக்குத் தெரியாது.

இனி அந்த ஓவன் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

பழைய ஓவன்களில் "பைலட்" என்று ஒரு சின்னச் சுடர் இருபத்து நாலு மணி நேரமும் எரிந்துகொண்டிருக்கும். வீண் செலவு. மின்சார வயர் உள்ள கேஸ் அடுப்புகளில் அந்த எப்போதும் எரியும் சுடர் கூடாது என்று அமெரிக்காவில் 1990 முதல் சட்டம். அதனால் பெரும்பாலானவற்றில் சிலிக்கான் கார்பைடால் செய்த ஒரு துண்டு வைத்தார்கள். அதுதான் இக்னைட்டர். மின்சாரம் பாய்ந்தால் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி ஒளிரும். அதன் பக்கத்தில் கேஸ் வந்தால் பற்றிக்கொள்ளும்.

கேஸ் எப்போது வருகிறது? இங்கேதான் சாமர்த்தியம். இக்னைட்டர் வழியாகப் போகிற அதே மின்சாரம்தான் கேஸ் வால்வுக்குள்ளும் போகிறது. இரண்டும் ஒரே வரிசையில் இணைத்தவை. வால்வுக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. இஸ்திரிப் பெட்டித் தெர்மோஸ்டாட்டில் இருப்பது மாதிரி. போதுமான மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகி வளைந்து கேஸைத் திறக்கும். எங்கள் ஓவனில் இருந்த தட்டை வகை இக்னைட்டருக்கு 3.2 முதல் 3.6 ஆம்பியர் வரை வேண்டும். இக்னைட்டர் உடைந்துவிட்டால் மின்சாரமே ஓடாது. வால்வு திறக்காது. கேஸ் வராது. ஆக, இக்னைட்டர் முழுசாகச் செத்துப்போனால் ஆபத்தே இல்லை.

பாதி செத்தால்தான் ஆபத்து. வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தத் துண்டின் மின்தடை ஏறிக்கொண்டே போகும். மின்சாரம் குறைந்துகொண்டே வரும். 2.7 ஆம்பியரிலும் அது ஒளிரத்தான் செய்யும். கண்ணுக்கு நல்ல ஆரஞ்சு நிறம்தான் தெரியும். ஆனால் வால்வு அரைமனசாக, நேரம் கழித்துத் திறக்கும். அந்தத் துண்டிலும் கேஸைச் சட்டென்று பற்றவைக்கிற அளவுக்குச் சூடு இருக்காது. வந்த கேஸ் உள்ளறையில் சேரும். சேர்ந்த பிறகு பற்றும். அந்தச் சத்தத்தைத்தான் என் மனைவி கேட்டாள்.

ரெண்டாவது தடவை போட்டால் ஏன் பற்றுகிறது? முதல் தடவையிலேயே வால்வுப் பட்டை பாதி சூடாகியிருக்கிறது, இக்னைட்டரும் சூடாக இருக்கிறது. அந்த மிச்சச் சூட்டில்தான் இரண்டாவது முயற்சி ஜெயிக்கிறது. முதல் முயற்சியில் கசிந்த கேஸும் உள்ளேயே காத்திருக்கிறது. "ரெண்டாவது தடவை பத்திக்கும்" என்பதற்கு முழு அர்த்தம் இதுதான்: கேஸைச் சேர்த்து வைத்துவிட்டு நெருப்பு வைக்கிறோம்.

இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி, பர்னர் ஓட்டை அடைத்திருக்கும் என்று ஊக்கை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தேன். ஓட்டைகள் சுத்தமாகத்தான் இருந்தன. மெக்கானிக் ஒளியைப் பார்த்து ஏமாந்தார், நான் ஓட்டையைப் பார்த்து ஏமாந்தேன். இரண்டு பேருமே அளக்கவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு ரிட்டயர்ட் எலக்ட்ரீஷியன். வியட்நாம்காரர். தினமும் காலை நடையில் தலையசைத்துக்கொள்கிற பழக்கம். அவரிடம் டாங் டெஸ்டர் இருக்கிறதா என்று கேட்டேன். பெயர் புரியவில்லை, கையை இடுக்கி மாதிரி வைத்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே எடுத்து வந்தார், கூடவே அவரும் வந்தார். அடியில் இருந்த டிராயரை உருவினோம். இக்னைட்டருக்குப் போகிற ஒற்றை வயரைச் சுற்றி டெஸ்டரின் வாயை மாட்டினோம். எந்த வயரையும் வெட்டவில்லை, எதையும் கழற்றவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, ஓவன் நன்றாக ஆறியிருந்தபோது போட்டோம். மீட்டரில் 2.7. ஒன்றரை நிமிஷம் ஆகியும் 2.8தான். அணைத்துவிட்டோம். அரை மணி நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். இந்தத் தடவை என் பர்ஜை நான் மறக்கவில்லை.

புதிய இக்னைட்டர் 38 டாலர். மின்சாரத்தைத் துண்டித்து, கேஸ் வால்வை மூடி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். சாக்பீஸ் மாதிரி உடையும், அதனால் பிடிக்கும்போது கவனம் வேண்டும். வயர் இணைப்புக்கு சூடு தாங்கும் பீங்கான் தொப்பி போட வேண்டும், சாதாரண இன்சுலேஷன் டேப் கூடாது. கேஸ் குழாயில் கை வைக்கவே இல்லை. போட்டுப் பார்த்தபோது மீட்டரில் 3.4. நாற்பது விநாடியில் சத்தமில்லாமல் பற்றியது. ஒரு தடவை பற்றியதும் கை தட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். முழுசாக ஆறவிட்டு, அன்றும் மறுநாளும் ஐந்து தடவை போட்டுப் பார்த்தேன். ஐந்து தடவையும் அப்படியே.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

ஒரு சாதனம் சில சமயம் வேலை செய்து சில சமயம் செய்யாவிட்டால், நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்கிறோம். குமிழை இப்படித் திருப்பணும், ஒரு தட்டுத் தட்டணும், ரெண்டு தடவை போடணும் என்று அதற்கு ஒரு சாஸ்திரமே எழுதி, வருகிற விருந்தாளிக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். இது பெரும்பாலும் நம் தலைமுறையின் வியாதி. இரண்டு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறோம். இது நம் பிள்ளைகளின் வியாதி. அவர்கள் நம்மைக் கஞ்சர்கள் என்கிறார்கள், நாம் அவர்களை ஊதாரிகள் என்கிறோம். உண்மையில் இரண்டு பேரும் செய்வது ஒன்றேதான். என்ன கோளாறு என்று பார்க்காமல் இருப்பது.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, மாப்பிள்ளையே சொன்னார். "மாமா, அங்க ஒரு மணி நேரக் கூலி உதிரி பாகத்தை விட அதிகம். மெக்கானிக் நாலு தடவை வந்து அளந்துகிட்டிருந்தா அவருக்கும் கட்டாது, நமக்கும் கட்டாது. அப்புறம் ஏதாவது வெடிச்சா அவர் மேலதானே கேஸ் போடுவாங்க? அதனாலதான் புதுசு வாங்கச் சொல்றாங்க." நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்க்க எங்களுக்கு ஆனது ஐந்து நிமிஷம். 120 டாலருக்கு ஐந்து நிமிஷம் அளக்கலாம். அளந்துவிட்டு, "இது 2.7 காட்டுகிறது, 3.2 வேண்டும். பாகம் இவ்வளவு, கூலி இவ்வளவு. மாற்றுவதா, புதுசா, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றிருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன். புதுசு வாங்கச் சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதற்குத்தான் கோபம். "இக்னைட்டர் நல்லா இருக்கு" என்றது தப்பு.

பழுதுபார்க்கும் உரிமை என்று இப்போது சட்டங்கள் வருகின்றன. கலிஃபோர்னியாவிலேயே 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுச் சாதனம் என்றால், அந்த மாடல் கடைசியாகத் தயாரான நாளிலிருந்து ஏழு வருஷத்துக்கு உதிரி பாகமும் கையேடும் தயாரிப்பாளர் தந்தாக வேண்டும். 2021 ஜூலைக்குப் பிறகு வந்தவற்றுக்குத்தான் அது. என் மகள் வீட்டுப் பழைய பெட்டிக்குப் பொருந்தாது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஓர் இணையதளம் தொடங்கியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சட்டம் பாகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். எந்தப் பாகம் என்று பார்க்கிற வேலை நம்முடையது.

ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கேஸ் அடுப்பைப் பிரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து வேண்டாம். எனக்கு முப்பத்து மூன்று வருஷப் பழக்கம், பக்கத்தில் இன்னொரு தொழில் தெரிந்தவர் வேறு. நான் சொல்வது, வருகிற மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள் என்பதுதான். என்ன அளந்தீங்க? எவ்வளவு வந்தது? எவ்வளவு வந்திருக்கணும்? ஃபிரிட்ஜ், மோட்டார், இன்வெர்ட்டர், எதற்கும் இது பொருந்தும். மூன்றுக்கும் பதில் சொல்கிறவருக்குக் கேட்ட காசைக் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள். "எனக்கு அனுபவம் இருக்கு சார், பார்த்தாலே தெரியும்" என்பவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் வீட்டில் ஓவன் இல்லையே, எங்களுக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். ஊருக்குத் திரும்பிய மறு வாரம் எங்கள் பென்ஷனர் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கண்ணாடி மேடை அடுப்பு, ஆட்டோ இக்னிஷன். அம்மா காபி போட எழுந்தார். குமிழைத் திருப்பி அழுத்தினார். டிக், டிக், டிக், டிக். பற்றவில்லை. குமிழை மூடாமலே டிக் டிக் என்று எண்ணிப் பத்து. பிறகு "பக்" என்று பற்றியது. "ரெண்டு மூணு தடவை தட்டணும் தம்பி, பத்திக்கும்" என்று சிரித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மகள் வீட்டில் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. காற்றை விட லேசு, மேலே போய்விடும். நம் சிலிண்டரில் இருப்பது எல்பிஜி. காற்றை விடக் கனம். தரையோடு படர்ந்து, அலமாரிக்கு அடியிலும் மூலையிலும் தங்கும். நம் ஊரில் பெரும்பாலான வீட்டு அடுப்புகளில், தீ அணைந்தால் கேஸைத் தானாக மூடுகிற அமைப்பும் கிடையாது. குமிழ் திறந்திருந்தால் கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் இதைப் பழக்கமாக்குங்கள். மூன்று டிக்கில் பற்றாவிட்டால் குமிழை மூடுங்கள். கதவு, ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் வேறு வேலையைப் பாருங்கள். அதுதான் உங்கள் பர்ஜ். வாசனை இருந்தால் லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். வாசனை போகவில்லை என்றால் வீட்டை விட்டு வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள். அது கேஸ் கசிவுக்கான அவசர எண்.

பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். பால் பொங்கி, பர்னர் பக்கத்தில் இருக்கிற பொறி விடும் முனையில் காய்ந்திருக்கும். துடைத்த ஈரம் காயாமல் இருக்கும். பர்னர் மூடியைக் கழுவிவிட்டுக் கோணலாக வைத்திருப்போம். பேட்டரி உள்ள மாடல் என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும். நண்பர் வீட்டில் பால்தான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் உலர்ந்த துணியும் போதுமாக இருந்தன. முதல் டிக்கிலேயே பற்றியது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "தீபாவளியிலேர்ந்து" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பங்குனி மாதம்.

அடுப்படியில் இருக்கிற ரப்பர் குழாயையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். மேலே தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். இதற்கு மட்டும் அளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். ஊருக்குக் கிளம்பும் முன்னால் அந்த ஓவனின் டிராயருக்குள் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். மாற்றிய தேதி, 3.4 ஆம்பியர், 40 விநாடி. பாய்லரில் லாக் புத்தகம் எழுதிய கை, சும்மா இருக்காது. பேத்தியிடம், ஒவ்வொரு தடவையும் போட்டதும் எண்ணு, எண்ணியதை எழுது என்று சொன்னேன். ஒரு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அணைத்துவிடு, கதவைத் திறந்து வை, ரெண்டாவது தடவை போடாதே. அவள் அம்மா சிரித்தாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்து வைத்த 1,400 டாலர் அடுப்பை வாங்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாள். பள்ளிக்கூடம், சினேகிதி, கேக் எல்லாம் முடிந்த பிறகு, "தாத்தா, முந்தாநாள் 52 செகண்ட் ஆச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் 41, 42தான். பரவாயில்லையா?" என்றாள்.

"அடுத்த மூணு தடவையும் எழுதி எனக்கு அனுப்பு. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, அரைகுறையாக வளர்ந்திருந்த புருவத்தைத் தடவிக்கொண்டு, "அவளாவது கேக்கறாளே" என்றாள்.